முழு விமானம் படித்துவிட்டு ஒரு பிராக்கெட்டில் தொடங்குவது

பெங்களூரில் விமானத் துறைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'மெக்கானிக்கல் / ஏரோநாட்டிக்கல்' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதே வரிசையில்தான், மெக்கானிக்கல் முதலில். நான்கு வருடம் ஏரோடைனமிக்ஸ், புரொபல்ஷன், ஃப்ளைட் மெக்கானிக்ஸ் என்று படித்து வந்தவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். விமானக் கம்பெனியிலேயே விமானம் படித்தவனுக்கு முதல் இடம் இல்லையென்றால் அப்புறம் எதற்கு அந்தப் படிப்பு என்று வீட்டிலும் கேட்பார்கள்.

விளம்பரம் எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் படிப்பு எந்த வேலையை மனதில் வைத்து உருவானதோ, அந்த வேலை இந்தியாவில் மிகக் குறைவு. நிறைய நடக்கிற வேலைக்கோ படிப்பு பாதிதான் தயார் செய்கிறது. கல்லூரி முழு விமானத்தையும் சொல்லித்தருகிறது. தொழில் அதன் ஒரு சின்னத் துண்டைக் கையில் கொடுத்து, இது உடையாது என்று எழுத்தில் காட்டு என்கிறது. ஏரோ படித்தவர்கள் முதல் இரண்டு மூன்று வருடங்களில் படும் தடுமாற்றத்தில் முக்கால்வாசி இந்த இடைவெளியிலிருந்து வருவதுதான்.

உள்ளே போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கவுன்சிலிங் சமயத்தில் இதில் ஏமாறும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பி.இ. ஏரோநாட்டிக்கல் வேறு, விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேறு. விமான நிலையத்தில் ஒரு விமானத்தைச் சோதித்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாரே, அவரிடம் இருப்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கும் உரிமம். கார்-66 என்ற விதிகளின்படி பாடம் பாடமாகத் தேர்வு எழுதி, ஹேங்கரில் சில வருடம் வேலை பார்த்த பிறகுதான் அது கைக்கு வரும். இயந்திரப் பகுதிக்கு பி1, மின்னணுப் பகுதிக்கு பி2 என்று பிரிவுகள் உண்டு. பி.இ. பட்டத்தில் எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் அதனால் வராது. அதேபோல, உரிமம் மட்டும் வைத்திருப்பவரை இறக்கை வடிவமைக்கும் குழுவில் சேர்ப்பதும் அரிது.

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே வருடம் ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தபோது, இனி ஏரோ படித்தவர்களுக்குப் பொற்காலம் என்ற பேச்சு எங்கும் கேட்டது. அந்த விமானங்கள் இங்கே வந்து இறங்கும்போது நேரடியாகத் தேவைப்படுவது பைலட்டுகளும் உரிமம் பெற்ற பராமரிப்பாளர்களும். பி.இ. பட்டதாரிக்கு அதன் பலன் சுற்றி வளைத்துத்தான் வந்து சேரும்: பாகங்கள் செய்யும் ஆலை வழியாக, அல்லது ஏர்லைனின் டெக்னிக்கல் சர்வீசஸ் பிரிவு வழியாக.

சரி, முழு விமானத்தை யார் வடிவமைக்கிறார்கள்?

அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான இன்றைய எச்.ஏ.எல்.லின் தொடக்கம் 1940. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் அங்கே உருவான எச்.எஃப்.-24 மாருத் போர் விமானம் 1961-ல் பறந்தது. அடுத்து இந்தியா ஆரம்பத்திலிருந்து வரைந்து பறக்கவிட்ட போர் விமானம் தேஜஸ், அது முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ல். நடுவில் கிட்டத்தட்ட 40 வருடம். கிரண் பயிற்சி விமானம், துருவ் ஹெலிகாப்டர் என்று சில வந்தன, மறுக்கவில்லை. பயணிகள் விமானம் என்று பார்த்தால், தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய சாரஸ் 2004-ல் முதன்முதலாகப் பறந்தது. இன்றுவரை எந்த ஏர்லைனிலும் ஓடவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் இறக்கையின் பரப்பு, எஞ்சினின் உந்துவிசை, மொத்த எடை என்று தொடங்கும் வேலை, அதாவது படிப்பின் கடைசிப் பகுதியில் 'ஏர்கிராஃப்ட் டிசைன் ப்ராஜெக்ட்' என்று செய்கிறார்களே அந்த வேலை, நாட்டில் நான்கைந்து அரசு அமைப்புகளின் சிறு குழுக்களோடு முடிந்துபோகிறது.

இது இன்று நேற்று வந்த கதையும் அல்ல. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது மாணவர் குழுவோடு சேர்ந்து ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைத்தார். படிப்பு முடிந்து எச்.ஏ.எல்.லில் பயிற்சியாளராகப் போனதும் கைக்கு வந்தது எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்யும் வேலை.

நிலைமையை மாற்றியது 2000-லிருந்து பெங்களூருக்கு வந்த வெளிநாட்டுப் பொறியியல் மையங்கள். ஜி.இ. தன் ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையத்தை ஒயிட்ஃபீல்டில் 2000-ல் திறந்தது. ஏர்பஸ், ரோல்ஸ்-ராய்ஸ், சஃப்ரான் எல்லாம் வந்தன. போயிங் 2024 ஜனவரியில் தேவனஹள்ளி பக்கம் 43 ஏக்கரில் தன் வளாகத்தைத் திறந்தது. இவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகள் தனி: சயன்ட், குவெஸ்ட் குளோபல், டாடா டெக்னாலஜீஸ், எல் அண்ட் டி டெக்னாலஜி சர்வீசஸ், ஆக்சிஸ்கேட்ஸ். ஏரோ பட்டதாரிகள் 'கோர் கம்பெனி' என்று சொல்லும்போது பெரும்பாலும் கடைசியில் போய்ச் சேர்வது இந்த இரண்டாவது வரிசையில்தான். அங்கே நடப்பதில் பெரும் பங்கு, ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் பராமரிப்பும் மாற்றமும். புதிய இருக்கை அமைப்பு, புதிய ஆன்டெனா, உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு பாகத்துக்கு மாற்று, பழுது பார்க்கும் முறை, ஆலையில் நடந்த பிழைக்குத் தீர்ப்பு.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பாகங்கள் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் ஸ்ட்ரெஸ் குழுவில் சேரும் புதியவர்கள் பலருக்கு முதல் வேலையே அதுதான்.

ஐரோப்பாவில் எங்கோ ஓர் ஆலை. இறக்கையின் உள்ளே பொருத்த வேண்டிய அலுமினிய பிராக்கெட்டில் துளை போடும்போது ட்ரில் கொஞ்சம் ஆடிவிட்டது. 4.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துளை 5.2 ஆகிவிட்டது. ஆலையின் தரப் பிரிவு அதை ஒரு படிவத்தில் ஏற்றுகிறது. கன்செஷன் என்பார்கள், சில இடங்களில் நான்-கன்ஃபார்மன்ஸ். அந்தப் படிவம் பெங்களூரில் ஒருவருடைய திரையில் வந்து நிற்கிறது. கேள்வி இவ்வளவுதான்: அப்படியே விடலாமா, சரிசெய்ய வேண்டுமா, தூக்கிப் போட வேண்டுமா?

ஒரு சைஸ் பெரிய ரிவெட் போட்டால் துளை நிரம்பிவிடும். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்கு உள்ள தூரம் 9.6 மில்லிமீட்டர். இந்தத் தூரம் துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். 4.8-க்கு அது சரியாக இரண்டு மடங்கு. துளை 5.2 ஆனவுடன் 1.85-க்கு இறங்கிவிட்டது. இப்போது அந்த அலுமினியக் கலவைக்கான அட்டவணையை எடுக்க வேண்டும். அதில் ரிவெட் அழுத்தும் இடத்தின் வலிமையை 1.5 மடங்குக்கும் 2 மடங்குக்கும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். நடுவில் வருவதை நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அதிலும் ஏ-பேசிஸ், பி-பேசிஸ் என்று இரண்டு எண்கள். ஏ என்றால் 100-க்கு 99 மாதிரிகளாவது அந்த வலிமையைத் தாண்டும், பி என்றால் 90 தாண்டும், இரண்டையும் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம் என்று அர்த்தம். இந்தப் பாகம் போனால் சுமை போக வேறு வழியே இல்லை என்றால் ஏ. பக்கத்தில் இருப்பது சுமையை வாங்கிக்கொள்ளும் என்றால் பி. நம் பிராக்கெட் எந்த ரகம்? அது விமானத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் என்ன தொங்குகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிறகு சுமையை 1.5-ஆல் பெருக்கி, வலிமையை அதனால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் வருவது மார்ஜின். அது பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. அதோடு விடமாட்டார்கள். ஒருமுறை இழுத்தால் தாங்கும் துளை, பல ஆயிரம் முறை ஏறி இறங்கும் சுமைக்கு விரிசல் விடாமல் இருக்குமா என்ற ஃபெட்டீக் கணக்கு தனி.

கணக்கு என்னவோ ஒரு மணி நேர வேலைதான். நேரம் பிடிப்பது எழுதுவது. எந்த வரைபடம், அதன் எத்தனையாவது திருத்தம், எந்தச் சுமை நிலை, அந்தச் சுமை எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தச் சூத்திரம், அதை இங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றும் தாளில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விளங்கிக்கொள்ள வேண்டும். அறிக்கையின் முகப்பில் மூன்று பெட்டிகள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். புதியவரின் பெயர் முதல் பெட்டியில் வரும். இரண்டாவதுக்கு நகர வருடங்கள் ஆகும். மூன்றாவதில் கையெழுத்துப் போட, அந்த அதிகாரம் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் துறையில் பதவி உயர்வை விசிட்டிங் கார்டில் தேடுவதைவிட இந்தப் பெட்டிகளில் தேடினால் சரியாக இருக்கும்.

சுமையைப் பெருக்கிய அந்த 1.5 என்ற எண்ணைக் கல்லூரியில் ஒரு வரியில் தாண்டிப்போவார்கள். பெரிய பயணிகள் விமானங்களுக்கான சான்றளிப்பு விதிகளின் உயிர்நாடி அது. வாழ்நாளில் சந்திக்கக்கூடிய அதிகபட்சச் சுமையில் விமானம் நிரந்தரமாக வளையக் கூடாது. அதைப்போல் ஒன்றரை மடங்கில் குறைந்தது 3 விநாடி உடையாமல் நிற்க வேண்டும். 2006 பிப்ரவரியில் துலூஸ் நகரில் ஏர்பஸ் ஏ380 பயணிகள் விமானத்தின் இறக்கையை வளைத்துச் சோதித்தபோது 1.45-க்கும் 1.5-க்கும் நடுவில் அது முறிந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு, கிட்டத்தட்ட வந்துவிட்டதே, பரவாயில்லை என்று தோன்றும். ஏர்பஸ் அந்த இடத்தை வலுப்படுத்தி, அது போதும் என்று ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் யாரும் 1.8, 2 என்று தாராளமாக விடுவதில்லை. விளிம்பை ஒட்டியே வடிவமைக்கிறார்கள். அதனால்தான் ஒரு துளை 0.4 மில்லிமீட்டர் பெரிதானதற்கு இவ்வளவு காகிதம்.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். மேலே சொன்ன வேலையில் தேவைப்பட்டது என்னென்ன? பொருள்களின் வலிமை, துளை, ரிவெட், எந்திரப் பட்டறையில் எது எப்படிப் பிழையாகும் என்ற அறிவு, வரைபடத்தில் டாலரன்ஸ் குறிகளைப் படிக்கும் பழக்கம். இதில் பாதிக்கு மேல் மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஏரோ மாணவருக்கு அங்கே இல்லாத சில விஷயங்கள் தெரியும்: மெல்லிய தகடுகளில் ஷியர் ஃப்ளோ (வெட்டுவிசை பரவும் விதம்), பக்ளிங் (அழுத்தத்தில் மடங்குவது), வேகத்துக்கும் சுமைக்குமான வி-என் வரைபடம். ஆனால் அது நேர்முகத் தேர்வில் வெளியே வந்தால்தானே பயன்?

நன்றாகக் கேள்வி கேட்கிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள்: ஒரு இறக்கையை வரை, அதன் பெண்டிங் மொமென்ட் (வளைவுச் சுமை) எப்படிப் போகும் என்று காட்டு. அது எல்லாருக்கும் வரும். அடுத்து, எஞ்சினை இறக்கையில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பார்கள். பாதிப் பேர் எடை கூடுவதால் இறக்கையின் வேரில், அதாவது உடலோடு சேரும் இடத்தில், சுமையும் கூடும் என்று சொல்லிவிடுவார்கள். பறக்கும்போது தூக்குவிசை மேலே தள்ளுகிறது, எஞ்சின் கீழே இழுக்கிறது, அதனால் வேரில் வரும் வளைவுச் சுமை குறையும். இறக்கையில் எரிபொருள் வைப்பதிலும் இதே லாபம் உண்டு. அப்படியானால் எரிபொருள் தீர்ந்துபோன இறக்கைக்கு நிலைமை மோசமாகுமா? ஆகும், அதற்காகவே எரிபொருள் இல்லாத எடைக்கு ஒவ்வொரு விமானத்துக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். சுமை எங்கிருந்து வருகிறது என்று இந்த மாதிரி இழுத்துக்கொண்டு போகிறவரிடம் ஏரோ பட்டம் தன் மதிப்பைக் காட்டிவிடுகிறது. பொதுவாக மெக்கானிக்கல் படித்து வந்தவர் இதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொள்வார்.

மாணவர்கள் நேரத்தைச் செலவிடும் இடம் வேறாக இருப்பதுதான் வருத்தம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுகளைப் புரட்டினால், பாதிக்குப் பாதி ஏதோ ஒரு ஏர்ஃபாயிலை (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) சுற்றிக் காற்று ஓடுவதைக் கணினியில் கணக்கிட்ட சி.எஃப்.டி. படம். நீலமும் சிவப்புமாக அழகாக இருக்கும், கைடுக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு விமான நிறுவனத்தில் வெளிப்புற ஏரோடைனமிக்ஸ் குழு சிறியது, பெரும்பாலும் தலைமையகத்திலேயே இருப்பது, முனைவர் பட்டக்காரர்களால் நிரம்பியது. இங்கே சி.எஃப்.டி. வேலை இருப்பது அதிகமும் எஞ்சின் டர்பைன் குளிர்விப்பு, எரிதல், மின்னணுப் பெட்டிகளின் வெப்பம் போன்ற இடங்களில். அதற்கும் எம்.டெக். கேட்பார்கள். அதே ஆறு மாதத்தில் ஒரு உடைந்த கதவுக் கீலை எடுத்து, அளந்து, கையால் கணக்குப் போட்டு, நாஸ்ட்ரான் என்ற வலிமைக் கணக்கு மென்பொருளில் சரிபார்த்து, இரண்டும் ஏன் 8 சதவீதம் வேறுபடுகிறது என்று எழுதிக்கொண்டு வந்த மாணவர் இருந்தால், என் கையில் இருந்தால் அவரைத்தான் எடுப்பேன்.

அரசு வாசல்

ஏரோ என்றால் இஸ்ரோ என்றுதான் ஊரில் நினைப்பு. இஸ்ரோவின் மத்திய தேர்வு வாரியம் நடத்தும் வழக்கமான 'சயின்டிஸ்ட்/இன்ஜினியர்' தேர்வுகள் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும். ஏரோஸ்பேஸ் பட்டதாரிகளுக்கான அறிவிப்புகள் எப்போதாவது வரும், இடங்களும் குறைவு. இஸ்ரோவுக்கு நேர்வழி என்று ஒன்று இருந்தால், அது 2007-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையம். அதில் நுழைய பிளஸ் டூ முடித்த கையோடு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதியிருக்க வேண்டும். ஆக, கல்லூரியின் மூன்றாம் வருடத்தில் இஸ்ரோ கனவு காணத் தொடங்கும் மாணவருக்கு அந்த நேர்வழி ஏற்கனவே மூடிவிட்டது.

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் நிலைமை கொஞ்சம் மேல். கேட் தேர்வில் ஏரோஸ்பேஸுக்குத் தனித்தாள் இருக்கிறது. சயின்டிஸ்ட்-பி பணிக்கு அந்த மதிப்பெண்ணும் நேர்முகமும். எச்.ஏ.எல். தனியாகத் தேர்வு வைக்கிறது. கேட் மதிப்பெண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது ஐ.ஐ.டி.க்களிலும், 1942-லேயே விமானப் பொறியியல் துறை தொடங்கிய பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலும் எம்.டெக். இடம் வாங்கித் தரும். எஞ்சின் வடிவமைப்பு, புரொபல்ஷன், கட்டுப்பாட்டு அமைப்பு என்று ஆழமான வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடிப் போவது அந்த வகுப்புகளைத்தான். சுமாரான ஒரு கல்லூரியில் பி.இ. முடித்தவருக்கு, படித்த இடத்தின் பெயரை மாற்றிக்கொள்ள இருக்கும் உருப்படியான வழி இது ஒன்று என்று சொல்வேன். அரசு நிறுவனங்களின் ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சியைப் பலர் கேவலமாகப் பார்க்கிறார்கள். உதவித்தொகை சொற்பம்தான், நிரந்தர வேலைக்கு உத்தரவாதமும் கிடையாது. ஆனால் உண்மையான விமானப் பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர் என்ற வரி ரெஸ்யூமேயில் அதனால் வருகிறது.

தமிழ்நாட்டில் ஆலைப் பக்கம்

பெங்களூர் பேச்சிலேயே தமிழ்நாட்டை மறந்துவிடுகிறோம். 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இரண்டில் ஒன்று இங்கே: சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் விண்வெளித் தொழில் பூங்கா. ஓசூர் பக்கம் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்துக்குச் சொந்த ஓடுதளமே இருக்கிறது. நெசவாலை எந்திரங்களுக்குப் பேர்போன கோயம்புத்தூர் எல்.எம்.டபிள்யூ. விமானப் பாகங்களுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது.

கோவைப் பட்டறைகளுக்கு மைக்ரான் கணக்கில் கடைவது புதிதல்ல. விமான வேலைக்கு வரும்போது அவர்கள் திணறுவது துல்லியத்தில் இல்லை, தடம் வைப்பதில். ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால், அது எந்த அலுமினியக் கம்பியிலிருந்து வெட்டியது, அந்தக் கம்பியின் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்ற எண்) என்ன, ஆலைச் சான்றிதழ் எங்கே, எந்தத் தேதியில் எந்த மெஷினில் யார் கடைந்தார், அனோடைசிங் என்ற மேற்பூச்சு செய்த இடத்துக்கு விமானத் துறையின் நாட்கேப் அங்கீகாரம் இருந்ததா என்று பின்னோக்கிப் போய்க் காட்ட முடிய வேண்டும். புதிய பாகத்தின் முதல் உருப்படி வெளியே வந்ததும், வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் எண் போட்டு, அளந்து, எழுதிக் கொடுக்கும் ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷன் என்ற சடங்கு இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள் வரும். வாடிக்கையாளர் அதில் ஒரு வரியில் சந்தேகப்பட்டாலும் ஆர்டர் நகராது.

இந்த வேலைக்குப் படித்த ஆட்கள் தேவை. ஆனால் ஏரோ பட்டதாரிகள் குவாலிட்டி, ப்ராசஸ் பிளானிங் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். டிசைன் என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சி அப்படி. என் கணிப்பில் அடுத்த சில வருடங்களில் வேலை கூடப்போவது ஆலைப் பக்கம்தான். ஏர்பஸும் போயிங்கும் இங்கிருந்து வாங்கும் பாகங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. வதோதராவில் டாடா ஆலை 2024 அக்டோபரில் திறந்தது, விமானப்படைக்கான 56 சி-295 போக்குவரத்து விமானங்களில் 40 அங்கே ஒன்றுசேர்க்கப்படும். அதோடு, பட்டறையில் இரண்டு வருடம் இருந்தவர் டிசைன் பக்கம் போனால், எந்தத் துளையை ட்ரில் எட்டாது என்று வரையும்போதே அவருக்குத் தெரியும்.

ராக்கெட் ஸ்டார்ட்அப்கள் வேறு உலகம். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு, பல முறை தள்ளிப்போன பிறகு 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. ஹைதராபாத் ஸ்கைரூட் 2022 நவம்பரிலேயே விக்ரம்-எஸ்ஸை ஏவிவிட்டது. பெரிய நிறுவனத்தில் பத்து வருடத்தில் பார்க்காத அளவு வேலை இங்கே இரண்டே வருடத்தில் கை வழியாகப் போகும். ஆனால் உள்ளே போனால் ராக்கெட் சமன்பாட்டைவிட வால்வு, குழாய் இணைப்பு, கசிவு, சென்சார் வயர் ஆகியவற்றோடுதான் பொழுது போகும். கல்லூரியில் மாணவர் குழுவோடு சேர்ந்து ஏதாவது ஒன்றை உண்மையிலேயே பறக்கவிட்டவர்களை இவர்கள் விரும்புவது அதனால்தான். பணம் முதலீட்டாளரிடமிருந்து வருகிறது, நின்றுபோகவும் கூடும். வீட்டுக் கடன் கழுத்தில் இருப்பவர் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் எம்.எஸ். ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு நேராக ராக்கெட் கம்பெனிக்கோ போர் விமானக் கம்பெனிக்கோ போகலாம் என்ற நினைப்பு இருந்தால், ஐ.டி.ஏ.ஆர். என்ற ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளைச் சேர்க்கைக்கு முன்பே படித்துவிட வேண்டும். ஏவுகணை, ராக்கெட், ராணுவ விமானத் தொழில்நுட்பத் தகவலை அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் போன்றோர் தவிர மற்றவர்களுக்குக் காட்ட அரசின் அனுமதி வேண்டும். ஒரு புதுப் பட்டதாரிக்காக அந்த அனுமதி வாங்க எந்த நிறுவனமும் மெனக்கெடாது. மாணவர் விசாவில் படித்தவர் 12 மாதமும், தொழில்நுட்பப் படிப்புக்கு மேலும் 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் அந்தக் கடிகாரம் ஓடும்போது தன் துறையின் பாதி வாசல்கள் தனக்குப் பூட்டியிருப்பதைப் பார்ப்பார். அதனால்தான் அங்கே ஏரோ படித்த நம் ஆட்கள் பலரும் கார் கம்பெனியிலோ சிமுலேஷன் மென்பொருள் கம்பெனியிலோ இருக்கிறார்கள். துலூஸ், ஹாம்பர்க், டெல்ஃப்ட் பக்கம் பயணிகள் விமான வேலையில் இந்தத் தடை இவ்வளவு இறுக்கமில்லை. மொழி வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' லேசுப்பட்டதல்ல என்று ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு எழுதியவர்களைக் கேட்டால் தெரியும்.

கேம்பஸில் ஏரோ வேலை கிடைக்காமல் ஐ.டி.க்குப் போய்விட்டால் திரும்ப முடியுமா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. எந்த ஐ.டி. என்பதைப் பொறுத்தது. வங்கி மென்பொருளில் மூன்று வருடம் இருந்துவிட்டு ஸ்ட்ரெஸ் குழுவுக்கு வருவது மிகக் கடினம். விமான மென்பொருளைச் சோதிக்கும் வேலை என்றால் கதை வேறு. டிஓ-178சி என்ற வழிகாட்டியின்படி, எந்தத் தேவைக்கு எந்த வரி எழுதப்பட்டது, எந்தச் சோதனை அதைத் தொட்டது என்று ஒவ்வொன்றையும் கோத்துக் காட்டுவார்கள். பேரழிவுக்குக் கொண்டுபோகும் கோளாறு நேரும் வாய்ப்பு 100 கோடி பறப்பு மணிக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கும் துறையில், ஃப்ளைட் கன்ட்ரோல் படித்தவர் அந்தக் குழுவில் சீக்கிரம் மேலே வருவார். கார் பக்கம் போனவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள கார் நிறுவன ஆராய்ச்சி மையங்களில் கிராஷ் அனாலிசிஸ் செய்கிறவர் தொடுவது அதே ஹைப்பர்மெஷ் மென்பொருள், பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் அதே ஃபைனைட் எலிமென்ட் முறை. இருக்கைகள், பறவை மோதல், தரையிறங்கும்போது மோதல் என்று விமானத் துறையிலும் அந்த அனுபவத்தைத் தேடும் குழுக்கள் உண்டு.

நேரமும் பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்குப் பறக்கத் தடை வந்தது, அடுத்த வருடமே கொரோனா. அந்த இரண்டு வருடங்களில் வெளியே வந்த ஏரோ மாணவர்களுக்கு எவ்வளவு தயாராக இருந்தாலும் வாசல் மூடியிருந்தது. வேலையில் இருந்தவர்களே சர்வீஸ் கம்பெனிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டர்கள் குவிந்து உற்பத்தி எட்டாமல் திணறும் காலத்தில் அதே கம்பெனிகள் ஒரு வருட அனுபவக்காரரைக்கூட விடாமல் அழைக்கும். அப்படி அழைப்பு வரும்போது ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியது சம்பளத்தை மட்டுமல்ல. எந்த வாடிக்கையாளரின் எந்த ப்ரோக்ராம், வேலை ஸ்ட்ரெஸ்ஸா டிசைனா டாக்குமென்டேஷனா, பாண்ட் எத்தனை வருடம், ப்ராஜெக்ட் முடிந்தால் எங்கே போடுவார்கள் என்று எச்.ஆரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். பதில் மழுப்பலாக இருந்தால், அதே குழுவில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் பெயர் எந்தப் பெட்டியில் வருகிறது என்று விசாரித்துக்கொள்ளலாம்.